பதினாலுக்கு அடுத்த வீடு

மிளகாய் வத்தல் காம்பு கிள்ளுகிறவளுக்கு நகம் நீளமாக இருக்கக் கூடாது, மூக்கைச் சொறியக் கூடாது, கண்ணில் தூசி விழுந்தாலும் கையைக் கொண்டுபோகக் கூடாது; வத்தலின் கழுத்தைப் பிடித்துக் காம்பை ஒரு நெம்பு நெம்பினால் விதை ஒன்றுகூடச் சிந்தாமல் கழன்று வர வேண்டும், வந்ததும் வத்தல் வலப்பக்கம், காம்பு இடப்பக்கம், இப்படியே ஒரு சாக்கு முடிகிறபோது பத்து விரலும் அடுப்பில் வைத்ததுபோல் காந்தும். இன்றைக்குக் காலையிலிருந்து என் விரல் காந்திக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் காது மட்டும் கோயில் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் இன்று எங்கள் ஆவாரங்கரையில் தலைக்கட்டு எண்ணுகிற நாள், சேகண்டிச் சத்தம் கிளம்பிவிட்டது, அது எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் இந்தச் சாக்கையும் முடித்துவிடலாம், நடந்ததையும் சொல்லிவிடலாம்.

கல்யாணமாகித் தனி அடுப்பு மூட்டிய ஒவ்வொரு வீடும் ஊருக்கு ஒரு தலைக்கட்டு. வருஷத்தில் ஒரு நாள், பங்குனிப் பொங்கலுக்குக் கால் நாட்டுவதற்கு முன்னால், கோயிலில் தொடங்கி வீடு வீடாக நடந்து, நிலைப்படியில் வேப்பங்குச்சியால் ஒரு தட்டுத் தட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி எண்ணிக்கொண்டு போவார்கள். முதல் வீட்டை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், தானியம் அளக்கும்போது சொல்வதுபோல 'லாபம்' என்பார்கள், அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. எண்ணுகிறவர் என் மாமனார் குருசாமி. கோயிலில் தொடங்குகிற எண்ணிக்கை எல்லாத் தெருவையும் சுற்றி வந்து அவர் வீட்டு நிலைப்படியில்தான் முடியும். வேலம்மாள் சித்தி வீட்டில் 'பதினாலு' என்று தட்டுவார். அடுத்தது எங்கள் வீடு. எங்கள் வாசலுக்கு நேராக வந்ததும் இருமுவார். ஒரே ஓர் இருமல். பிறகு பரமேசுவரி அக்கா வீட்டில் போய் 'பதினஞ்சு' என்று தட்டுவார்.

இத்தனைக்கும் அவர் பெற்ற மகன் காசிராஜன்தான் என் வீட்டுக்காரர். நான் கண்மாய்க்கு அந்தப் பக்கத்துப் பெண், வேறு ஆட்கள், ஏழாவதோடு நின்றவள். வத்தல் மூட்டை ஏற்ற மினி லாரி கொண்டு வந்தவரை எனக்குப் பிடித்துப்போய், அவருக்கும் என்னைப் பிடித்துப்போய், யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டோம். ஊரில் யாரும் எங்களை அடிக்கவில்லை, விரட்டவில்லை, தண்ணீர் தர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எண்ணவில்லை, அவ்வளவுதான். மகள் பிறந்து மகிழினி என்று பேர் வைத்த பிறகும் இருமல்தான்.

மாமனார் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற ஒரே ஆள் என் நாத்தனார் தமயந்தி. கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் படித்தவள். மத்தியானம் சோறு உண்டதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள், நான் ஒரு பக்கம் வத்தலோடு, அவள் ஒரு பக்கம் லேப்டாப்போடு, நடுவில் மகிழினி. போன வருஷம் அவள் ஊருக்கென்று செல்போனில் ஒரு பக்கம் உண்டாக்கினாள். என்ன வேண்டுமோ அதை எழுதினால் எந்த வீட்டில் கிடைக்கும் என்று காட்டும், நாம் தேடின சொல் அதில் மஞ்சளாகத் தெரியும். அப்படித் தேடிக் கொடுக்கிற புரோகிராம் அவள் செய்ததில்லை, காசு கொடுத்து வாங்கினதும் இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து தைக்கிற ஒரே ஜமுக்காளம் என்றுதான் எனக்குச் சொன்னாள்.

"ஓப்பன் சோர்ஸ் மதினி. உள்தையலைக்கூட மறைக்காமத் தொறந்து வச்சிருப்பாங்க. யாருக்குக் கிழிசல் தெரியுதோ அவங்க தைச்சு, இந்த எடத்துல தைச்சேன்னு எழுதிப் போடணும். மத்தவங்க இழுத்துப் பாப்பாங்க. தாங்குச்சுன்னா சேத்துக்குவாங்க."

"சம்பளம்?"

"பேர் போடுவாங்க."

"வெறும் பேருக்கா இந்தப் பாடு படுத?"

"பேர்னா சும்மாவா மதினி?" என்று சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலையில், போனுக்குள் இருந்த மஞ்சள் வெளியே வந்துவிட்டது. ஊருணிக்குப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். யாரோ 'முருங்கைக்காய்' என்று தேடியிருக்கிறார்கள், முருங்கை மரம் நிற்கிற வீட்டுச் சுவரெல்லாம் அரைத்த மஞ்சளை அப்பினதுபோல் தகதகவென்று நிற்க, மரத்தில் தொங்குகிற காயும் மஞ்சளாகத் தொங்கியது; தேடினவர் போனை மூடினதும் சுவர் சுவராகியது, காய் பச்சையாகியது. தொட்டுப் பார்த்தவர்கள் ஒட்டவில்லை என்றார்கள், மோந்து பார்த்தவர்கள் வாசனை இல்லை என்றார்கள், கோயில் பூசாரி அம்மன் பேரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கோபுரமே மஞ்சளாக நிற்பதைக் கண்டு, இந்த வருஷம் வெள்ளையடிக்கிற வேலை மிச்சம் என்றார். அதற்குமேல் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தால் பால் கறக்க யார் போவது?

ஒரு வாரத்தில் ஊர் அதற்குத் தக்கனப் பழகிவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வழி கேட்பதை விட்டுவிட்டார்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் போனில் எழுதிவிட்டு மஞ்சளைப் பார்த்து நடந்தார்கள். விதவிதமான நேரத்தில் வீடுகள் மஞ்சளாகி மஞ்சளாகி அணைவதைப் பார்த்தே, இன்று யார் வீட்டில் விருந்து, யாருக்குப் பல்வலி என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள். மளிகைக் கடை அழகுராசு அண்ணாச்சி, எப்போதும் தேடப்படுகிற கடை மாதிரி தெரியட்டும் என்று சுவருக்கு மஞ்சள் பெயின்டே அடித்துவிட்டார். விருந்தாளிக்குப் பயந்த ஒரு வீட்டார், தேடினாலும் தெரியக் கூடாது என்று அதே பெயின்டை வாங்கி அடித்தார்கள். ரெண்டும் ஒரே டப்பா.

எங்கள் வீட்டில் ஒரு கறிவேப்பிலை மரம் இருக்கிறது, நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் வைத்த கன்று, இப்போது ஓட்டுக்கு மேலே தலை நீட்டிவிட்டது. 'கறிவேப்பிலை' என்று யாராவது தேடும்போது அங்கே ஒரு மரம், இங்கே ஒரு மரம் என்று ஊரெல்லாம் மஞ்சளாக எரியும். என் மரம் மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்க்கக் கூடாது என்று வத்தல் சாக்கைத் திருப்பிப் போட்டு, கொல்லைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வேன்.

ஆனால் சுவர் மஞ்சளானது. ஒரு நாள் விடியற்காலை என் வீட்டுச் சுவர் முழுக்க மஞ்சளாகி நிற்கிறது, பள்ளிக்கூடத்து வாத்தியார் தூக்குச்சட்டியோடு வாசலில் நிற்கிறார். "மாவு..." என்றார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அவருக்குப் பின்னால் ரெண்டு பேர், அதற்குப் பின்னால் நாலு பேர். இட்லி மாவு அரைத்து விற்கிறது பரமேசுவரி அக்கா. 'மாவு' என்று தேடினால் அவள் வீட்டில் விழ வேண்டியது என் வீட்டில் விழுகிறது. அக்கா வந்தாள், கையில் கரண்டியோடு.

"ஏ பிள்ள, உன் செவத்துல என்ன மருந்து வச்சிருக்க? என் யாவாரம் பூரா உன் வாசல்ல வந்து நிக்குது."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"தெரியாதாம்ல. ஊமச்சி மாதிரி இருந்துக்கிட்டு வெளிச்சத்தக் களவாண்டுட்டா." இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் வீட்டு நடையைப் பார்த்தாள். "சரி, நகரு. வாளிய எங்க வைக்க?"

அப்படித்தான், தமயந்தியை விட்டால், இந்த ஊர்க்காரி ஒருத்தி முதன்முதலாக என் வீட்டுக்குள் வந்தாள். வாளியை நடையில் வைத்தாள், என் செம்பில் தண்ணீர் மோந்து குடித்தாள், மகிழினியின் மூக்கைத் துடைத்துவிட்டாள், "பிள்ளைக்கு நெஞ்சுச் சளி இருக்கு, தூதுவளை கொடு" என்றாள். அக்காவுக்கு அடுத்த வீட்டு டெய்லருக்கு விழ வேண்டிய மஞ்சள் அக்கா வீட்டில் விழுந்ததால், டெய்லர் மிஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். பஞ்சர் ஒட்டுகிறவர் டெய்லர் வீட்டுக்குப் போனார். பால்காரர் பஞ்சர்க் கடைக்குப் போனார். அழகுராசு அண்ணாச்சி பெயின்ட் அடித்த கடையைப் பூட்டிவிட்டு முந்தின வீட்டு வாசலில் தராசைத் தொங்கவிட்டார். தப்பாக விழுகிறது என்று சொல்வதற்குப் பதிலாக ஊரே ஒரு வீடு தள்ளி உட்கார்ந்துகொண்டது. கடைசி வீடான என் மாமனார் வீட்டுக்கு மட்டும் மஞ்சளே வரவில்லை. அவருக்கு விழ வேண்டியது பூட்டிக் கிடக்கிற அழகுராசு கடையில் விழுந்தது. "நான் எவன் வீட்லயும் போய் உக்கார மாட்டேன்" என்று அவர் தன் வீட்டிலேயே இருந்தார்.

எனக்கு அது நல்ல காலம். காலையில் என் வாசலில் ஆள் பேச்சு கேட்கும், சிரிப்பு கேட்கும், தூக்குச்சட்டி இடிபடும். என் வாசலில் உட்கார்ந்தால் ரெண்டு பக்கமும் தெரியும், வேலம்மாள் சித்தி வீடு வரைக்கும் மஞ்சள் சரியாக விழுவதும், என் வீட்டிலிருந்துதான் அது பிசகுவதும் எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஏன் என்பதும் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. சரியாகிவிட்டால் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

தமயந்தி மட்டும் தினம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "ஹைலைட்ல பக் மதினி, அதான் கிழிசல். தேடுறது சரியா இருக்கு, மஞ்ச போடுற எடம்தான் தப்பு." ஜமுக்காளம் தைக்கிறவர்களுக்கு எழுதிப் போட்டாள். பனி பெய்கிற ஊரிலிருந்து ஐனோ என்கிற ஒரு பெண் பதில் எழுதினாள், அங்கே ஒரு லைப்ரரியில் வேலை, அவளுக்கும் கைக்குழந்தையாம், ஒரு கையால்தான் எழுதுகிறாளாம். 'எங்கள் ஊரில் சரியாகத்தான் விழுகிறது, எந்த இடத்திலிருந்து பிசகுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று அவள் கேட்டதைத் தமயந்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் வத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை கடைசியில் என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது. நல்ல வெயில் நேரம். தமயந்தி அவரை மடியில் சாய்த்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள், அவரை விட்டு எழுந்திருக்க முடியாது. ஆவாரங்கரை என்றால் மஞ்சளைப் பார்த்துப் போகிற பழக்கம் அந்த டிரைவருக்கும் வந்துவிட்டிருந்தது. எங்கள் தெரு முனையில் நின்றால் கோயில் திடலுக்கு அந்தப் பக்கம் மாமனார் வீடு தெரியும். சங்குச் சத்தம் கேட்டு முனைக்குப் போய்ப் பார்க்கிறேன், வண்டி வருகிறது, மஞ்சளாக நிற்கிற அழகுராசு கடை முன்னால் நிற்கிறது, இறங்கினவர்கள் பூட்டின கதவைப் போட்டுத் தட்டுகிறார்கள், "ஐயா! ஐயா! கதவத் தொறங்க!" என்று கத்துகிறார்கள்.

என் கால் எப்படிக் கிளம்பியது என்று எனக்குத் தெரியாது. கடைக்குக்கூடத் தெரு ஓரமாக நடக்கிறவள் நான், மகிழினியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையெல்லாம் வத்தல் விதையோடு, கோயில் திடலுக்கு நடுவாக ஓடுகிறேன். டிரைவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இது இல்ல, அடுத்த வீடு!"

"எம்மா, மஞ்ச இங்கதான விழுந்திருக்கு?"

"மஞ்ச பொய் சொல்லுது! ஒரு வீடு தள்ளி! எங்க வீட்டுக்கு அப்புறம் எல்லாமே ஒரு வீடு தள்ளித்தான்!"

அந்த அண்ணனுக்குக் கை எரிச்சல் ரெண்டு நாள் இருந்ததாம், மோரை ஊற்றி ஊற்றிக் கழுவினாராம். ஆனால் அடுத்த வீட்டுக்குப் போனார். மாமனாரைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவர் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். அவருக்கு அப்போது இருமக்கூட முடியாது.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்த மறுநாள் தமயந்தி லேப்டாப் இல்லாமல் வந்தாள். வந்து என் முன்னால் உட்கார்ந்து, வத்தலைக் கையில் எடுத்து, காம்பு கிள்ளத் தெரியாமல் விதையெல்லாம் கொட்டினாள்.

"எங்க வீட்டுக்கு அப்புறம்னு சொன்னீங்களாமே மதினி. எத்தனை நாளாத் தெரியும்?"

"மாவு வாங்க வாத்தியார் வந்த அன்னைக்கே."

"ஏன் சொல்லல?"

"எங்கள எண்ணலன்னு நானே எப்படி வாயால சொல்லுவேன் தமயந்தி?"

அவள் கையிலிருந்த வத்தலைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். பக்கம் உண்டாக்கும்போது வீடுகளை எழுத வேண்டுமென்று, தலைக்கட்டு எண்ணுகிற அன்று அவள் தன் அப்பா பின்னாலேயே நடந்திருக்கிறாள். அவர் சொன்னதையெல்லாம் எழுதினாள். "இங்க வந்து அப்பா இருமினாரு. நான் இருமல எழுதல மதினி. நான் தினம் வந்து உக்காருற வீடு, என் அண்ணன் வீடு. எனக்குத் தோணவே இல்ல. அவரு எண்ணலன்னா அங்க வீடே இல்லன்னு என் கைக்குப் பழகிப் போச்சு." அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கையைக் கொண்டுபோனாள், நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன், வத்தல் கை.

அந்தப் பிடியிலேயே அவளுக்குக் கிழிசல் தெரிந்துவிட்டது. "தேடுறப்ப அது காதால எண்ணுது, என்ன சொல்லியிருக்கோ அதை மட்டும். மஞ்ச போடுறப்ப காலால எண்ணுது, தரையில நிக்கிற வீட்ட எல்லாம். ரெண்டும் ஒத்துப்போகலன்னா நின்னு கேக்கணும்ல? கேக்காம அடுத்த வீட்டுப் பேர இந்த வீட்டுக்குப் போட்டுட்டு நடந்துக்கிட்டே இருக்கு. யார் எதை ஒளிச்சு வச்சாலும் இதே பிசகுதான். இது நம்ம ஊர் பக் இல்ல மதினி, எல்லா ஊர் பக்கும்."

ஊர்க் கூட்டம் கோயில் முன்னால் கூடியது. நான் போகவில்லை, பரமேசுவரி அக்கா வந்து நடித்தே காட்டினாள். அழகுராசு அண்ணாச்சிதான் முதலில் எழுந்திருக்கிறார். "இம்புட்டுத்தானா சங்கதி? பதினாலுக்குப் பொறவு எல்லாத்துக்கும் ஒண்ணக் கூட்டிப் போட்டுறு தமயந்தி. சோலி முடிஞ்சது." எல்லோரும் அதுதான் சரி என்றார்களாம். என் மாமனார் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். அக்கா மட்டும், "கூட்டுவியோ கழிப்பியோ, நான் வாளிய அவ வீட்ல இருந்து எடுக்க மாட்டேன். அங்க வச்சாத்தான் மாவு பக்குவமாப் புளிக்கு" என்றாளாம். சொல்லிவிட்டு என் செம்பில் தண்ணீர் குடித்தாள்.

கூட்டிப் போட்டால் சரியாகத்தான் வரும், அதில் பொய் இல்லை. ஒவ்வொரு மஞ்சளும் அதனதன் வீட்டில் போய் விழும், ஆம்புலன்ஸ் வழி தப்பாது, டெய்லர் தன் வீட்டுக்குத் திரும்பலாம். என் வீடு மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி நடுவில் இருட்டாக நிற்கும். ஐனோவிடம் கேட்டதற்கு, 'உங்கள் ஊருக்கு மட்டும் கூட்டி வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் எல்லோருடைய ஜமுக்காளத்தில் அதைத் தைக்க முடியாது, உங்களுக்குக் கூட்டினது எங்களுக்குப் பிசகும்' என்று எழுதிவிட்டாளாம்.

தமயந்தி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மதினி, நீங்க சொல்லுங்க. ஒண்ணு கூட்டிப் போட்டுறவா?"

என்னிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. இதைச் செய், அதைச் செய் என்பார்கள், செய்யவா என்று கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார், அவரும் என்னையே பார்த்தார்.

"எண்ணாமக் கூட்டுறதுக்கு, எண்ணிட்டுப் போனா என்ன?" என்றேன்.

அவர் சிரித்ததை நான் கல்யாணத்தன்று பார்த்தது, அப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாசி முழுக்கத் தமயந்தி என் வீட்டில் உட்கார்ந்து தைத்தாள். தைத்துப் பிரித்தாள், பிரித்துத் தைத்தாள், நான் காம்பு கிள்ளக் கிள்ள அவள் தட்டுகிற சத்தம் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஐனோ இழுத்துப் பார்த்துவிட்டு இங்கே தாங்கவில்லை என்பாள், இவள் மறுபடி உட்காருவாள். அந்தத் தையல் இவ்வளவுதான்: இனி அது காதால் எண்ணாது, காலால்தான் எண்ணும், ஒவ்வொரு வாசலாகப் போகும், பேர் சொல்லாமல் விட்ட வாசல் வந்தால், அடுத்த வீட்டுப் பேரைத் தூக்கி அங்கே போடாமல், அந்த வாசலிலேயே நின்றுகொண்டு, இது யார் வீடு என்று கேட்கும். சொன்னால்தான் மேலே நடக்கும். ஒரு நாள் சாயங்காலம் தாங்குகிறது என்று பதில் வந்தது, உலகத்தில் அந்த ஜமுக்காளம் விரித்த இடமெல்லாம் அந்தத் தையலும் போய்ச் சேர்ந்தது. தமயந்தி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். என்ன தைத்தது என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'கண்டுபிடித்தவர்: சொர்ணலதா, ஆவாரங்கரை' என்று ஒரு வரி. இங்கிலீஷில் இருந்தது, ஆனாலும் என் பேரை எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். பனி பெய்கிற ஊர் லைப்ரரியில் என் பேர் இருக்கிறது. என் ஊரில் என் வீட்டுக்கு எண் இல்லை. ரெண்டையும் நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, முதுகுதான் தானாக நிமிர்ந்தது.

மறுநாள் காலையில் மஞ்சள் என் வாசலில் வந்து நின்றுவிட்டது. பதினாலு வீட்டுக்கும் சரியாக விழுந்தது, பதினஞ்சாவது வாசலில் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றது. டெய்லரைத் தேடின மஞ்சள், பாலைத் தேடின மஞ்சள், பஞ்சரைத் தேடின மஞ்சள் எல்லாம் மேலே போக வழியில்லாமல் வத்தல் அம்பாரம் மாதிரி என் வாசலில் குவிந்தது. முதல் நாள் கணுக்கால் அளவு, அப்புறம் முழங்கால் அளவு. கோழிகள் அதற்குள் போய் மஞ்சள் காலோடு வெளியே வந்தன. தெருப் பிள்ளைகள் குதித்து விளையாடினார்கள், மகிழினியும் அவர்களோடு. அழகுராசு அண்ணாச்சி கூடை கொண்டு வந்து அள்ளிப் பார்த்தார், கடைக்குப் போய்க் கவிழ்த்தால் கூடையில் ஒன்றுமில்லை. தமயந்தி போனில் எங்கள் பேரையும் கறிவேப்பிலை மரத்தையும் எழுதினாள், போனுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது, தெருவில் இருந்த மஞ்சள் அசையவில்லை. "இதுக்கு எழுதினாப் பத்தாது போல மதினி. வாயால கேக்கணுமாம்" என்றாள்.

அப்புறம் ஊரே என் மாமனார் வீட்டுக்கு நடந்தது. போன கூட்டத்தில் கூட்டிப் போடச் சொன்னவர்களே போனார்கள். "ஒரு எண்ணுதான மச்சான், சொல்லிட்டா என்ன தேஞ்சா போயிரும்? யாவாரம் நாறுது" என்று அழகுராசு அண்ணாச்சி கேட்டாராம். "தலைக்கட்டு எண்ணுறது வருசத்துல ஒரு நாளு" என்று மட்டும் சொன்னாராம் மாமனார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐனோ ஒரு படம் அனுப்பினாள், சரியாக விழுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த அவள் ஊரிலும் மஞ்சள் ஒரு வாசலில் போய்க் குவிந்துவிட்டதாம், ஏரிக்கரையில் ஒரு சின்ன மரவீடு, பனிக்கு நடுவே அம்பாரமாக மஞ்சள். கதவைப் பாதி திறந்துகொண்டு ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். யாரென்று தெரியாது. நான் எட்டிப் பார்க்கிற மாதிரியேதான் எட்டிப் பார்த்தாள்.

சேகண்டி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. பத்து என்கிற சத்தம் நன்றாகக் கேட்கிறது. சாக்கில் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் லாரியை எடுக்காமல் வாசலில் நிற்கிறார், தமயந்தி அவர் பக்கத்தில் நிற்கிறாள், பரமேசுவரி அக்கா மாவுக் கரண்டியோடு நடையில் நிற்கிறாள். எண்ணுகிறவர்களுக்குப் பின்னால் எப்போதும் நாலைந்து பேர்தான் வருவார்கள், இன்றைக்குக் கால் சத்தம் அதிகமாக இருக்கிறது. பன்னெண்டு. பதிமூணு. வேலம்மாள் சித்தி வீட்டு நிலையில் குச்சி தட்டுகிறது. பதினாலு.

மாமனார் என் வாசலுக்கு நேராக வந்து நிற்பது சன்னல் வழியே தெரிகிறது, முழங்கால் வரை மஞ்சளுக்குள் நிற்கிறார்.

இருமுகிறார்.

என் கையில் இருந்த வத்தல் அப்படியே நிற்கிறது. மறுபடியும் இருமுகிறார், மறுபடியும், ஒரே இருமலோடு நிற்கவில்லை, அவருக்குப் பின்னால் அழகுராசு அண்ணாச்சியும் இருமுகிறார், கூட்டமே இருமுகிறது, அக்கா சிரிக்கிறாள், "வத்தல் நெடி சித்தப்பா, காலையில இருந்து ஒரு சாக்கு கிள்ளியிருக்கா, இருமாம என்ன செய்யும்!" என்கிறாள். இருமல் அடங்குகிறது.

என் வீட்டு நிலைப்படியில் வேப்பங்குச்சி தட்டுகிற சத்தத்தை நான் உள்ளே இருந்து கேட்பது இதுதான் முதல் தடவை, உள்ளே இருந்து கேட்டால் அது நெஞ்சுக்குள் தட்டுகிற மாதிரி இருக்கிறது.

"பதினஞ்சு" என்றார்.

மஞ்சள் அசைந்துவிட்டது. வாசலில் குவிந்து கிடந்ததெல்லாம் மடை திறந்ததுபோல் பரமேசுவரி அக்கா வீட்டுக்கும் டெய்லர் வீட்டுக்கும் பாய்கிறது, பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார்கள், அக்கா கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இரு, இரு, நான் ஒண்ணு தேடிப் பாக்கேன்" என்று போனில் ஏதோ எழுதுகிறாள், ஒவ்வோர் எழுத்தாகக் குத்திக்கொண்டே வாய்விட்டுச் சொல்கிறாள், கறிவேப்பிலை என்கிறாள், நான் இத்தனை நாளும் முதுகு காட்டி உட்கார்ந்த கொல்லைப் பக்கம் திரும்புகிறேன்.

"எம்மா சொர்ணம்! தலைக்கட்டுக்காரி உள்ளயே இருந்தா எப்படி? பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வாம்மா, பேர் சொல்லணும்லா!"

இந்தா வந்துட்டேன் மாமா, கையெல்லாம் வத்தல், கழுவிட்டு வந்துருதேன், இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், கொல்லையில் என் மரம் அடியிலிருந்து நுனி வரைக்கும் இலை இலையாக